கடலில் எண்ணுவது: ஓங்கில், திமிங்கிலம், ஆலா கணக்கெடுப்பில் எங்கெங்கே தவறுகிறது

பாக் நீரிணையில் ஆவுளியா (கடற்பசு) மூச்சு விட மேலே வரும்போது வெளியே தெரிவது மூக்கு நுனி மட்டும்தான். அதுவும் ஒன்றிரண்டு விநாடி. முதுகில் துடுப்பு கிடையாது, பெரிய திமிங்கிலம் போல நீர்த்தூவலும் எழாது. அடுத்த மூச்சுக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) வேகத்தில் போகிற படகு அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் போயிருக்கும். “காலையிலிருந்து சுற்றினோம், ஒன்றும் இல்லை” என்று கரையில் சொல்லப்படுவதில் எத்தனையோ ஆவுளியாக்கள் படகுக்கு அடியில் புல் மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

அதனால்தான் இந்த வேலையில் எத்தனை பார்த்தோம் என்பதை விட எப்படிப் பார்த்தோம் என்பதற்கு அதிக மதிப்பு. எத்தனை கிலோமீட்டர் தேடினோம், கடல் எந்த நிலையில் இருந்தது, கண்டது பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது. இந்த மூன்றும் பதிவாகியிருந்தால் ஒன்றுமே தென்படாத நாளும் கணக்கில் சேரும். இவை இல்லாவிட்டால் நூறு ஓங்கில் (டால்பின்) கண்ட நாளும் டீக்கடையில் சொல்லத்தான் உதவும்.

பாதை

கணக்கெடுப்புக்குப் புறப்படும்போது உள்ளூர் மீனவர்கள் நல்ல மனதோடு சொல்வது: “அந்தப் பார்ப் (கடலடிப் பாறைத் திட்டு) பக்கம் போங்க, கண்டிப்பா இருக்கும்.” சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எண்ணுகிற நாளில் அங்கே போகக் கூடாது. இருக்கும் என்று தெரிந்த இடத்துக்கே போய் எண்ணி, அந்த அடர்த்தியை முழு வளைகுடாவுக்கும் பெருக்கினால் விடை பல மடங்கு வீங்கிவிடும். ஒவ்வொரு விலங்கையும் அடையாளம் காண அதன் முதுகுத்துடுப்பைப் படம் எடுக்கும் நாளுக்கு அந்தத் தகவல் பொன். எண்ணும் நாளையும் படம் எடுக்கும் நாளையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

படகு தேடிக்கொண்டே போகும் கோடுகள் ஆழத்தை வெட்டிக்கொண்டு போக வேண்டும். கூனல் ஓங்கில் கரையோர ஆழமற்ற நீரில் நிற்கும், சுழன்று குதிக்கும் ஸ்பின்னர் ஓங்கில் ஆழம் சரிகிற பக்கம் நிற்கும். கரைக்கு இணையாகப் போனால் ஒன்று மட்டும் மாட்டும், மற்றது விட்டுப்போகும். கரைக்குச் செங்குத்தான இணைகோடுகளோ, ஒரு கோடு முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும் வளைந்து நெளிந்த கோடுகளோ போடலாம். இரண்டாவது வகையில் டீசல் மிச்சம். முதல் கோட்டின் தொடக்கப் புள்ளியைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். துறைமுக வாயிலிலிருந்து வசதியாக இருக்கிறதே என்று தொடங்கக் கூடாது.

இதன் பயன் தெரிய இலங்கையின் தென்கோடியைப் பார்க்கலாம். மிரிஸ்ஸவுக்கும் தேவேந்திர முனைக்கும் எதிரே கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) மிகக் குறுகல், ஆழம் கரைக்கு அருகிலேயே சரிகிறது. நீலத் திமிங்கிலங்கள் அங்கேயே உணவெடுக்கின்றன. உலகின் பெரிய சரக்குக் கப்பல் பாதைகளில் ஒன்றும் அதே நீரில்தான். திமிங்கிலம் பார்க்கப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளின் பதிவுகள் ஏராளம் உண்டு. ஆனால் அந்தப் படகுகள் திமிங்கிலம் கிடைத்த இடத்தோடு திரும்பிவிடும். அதற்குத் தெற்கே திமிங்கிலம் குறைவா, அல்லது யாரும் போய்ப் பார்க்கவில்லையா என்பதை அந்தப் பதிவுகளால் சொல்ல முடியாது. கோடு போட்டுக் கடலுக்குள் வெகுதூரம் போய் எண்ணியதில்தான் வெளியே போகப் போக அடர்த்தி குறைவது தெரிந்தது. கப்பல் பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று 2016-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2022-ல் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே மாற்றிக்கொண்டது. திமிங்கிலம் இல்லாத நீரிலும் பொறுமையாகப் போய்ப் பார்த்தவர்களால் கிடைத்த விடை அது.

பருவத்தையும் பாதையின் பகுதியாகவே பார்க்க வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வாடை அடிக்கும்போது பாக் நீரிணை முறை. ராமேசுவரம் மீனவர்கள் அதற்கேற்ப வடகடல், தென்கடல் என்று மாறிக்கொள்வார்கள். ஆய்வுக் குழுவும் அப்படியே மாறினால், வடகடலில் ஒரு பருவம், தென்கடலில் மறு பருவம் என்று தரவு சேரும். பிறகு இரண்டையும் ஒப்பிடவே முடியாது. பங்குனி சித்திரையிலும் ஐப்பசி தொடக்கத்திலும் கிடைக்கும் அமைதியான நாட்களில் இரண்டு பக்கமும் ஓடிவிடுவது நல்லது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். இழுவைப் படகு பின்னால் கழிவு மீனுக்காக ஓங்கிலும் ஆலா என்னும் கடற்பறவையும் தொடர்வது வழக்கம். படகு இல்லாத மாதத்தில் அவை வேறெங்கோ பரவிவிடும். தடைக்காலத்துக்கு முன்னும் தடைக்காலத்திலும் எண்ணியதைச் சேர்த்துப் பார்த்துவிட்டு “எண்ணிக்கை சரிந்தது” என்று எழுதுவதற்கு முன் அரை மணிக்கு ஒரு முறை கண்ணுக்கு எட்டிய படகுகளையும் எண்ணி வைத்திருக்கிறோமா என்று பாருங்கள்.

ஆள், கடல், கண்

குறைந்தது மூன்று பேர்: இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், எழுத ஒருவர். 30 முதல் 40 நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். அதற்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் கண் பார்க்கும், மனம் பதியாது. எழுதுகிறவர் தேடக் கூடாது. எழுதுகிறவரும் தேடினால் ஒரு நாள் மூன்று கண்ணாலும் மறுநாள் இரண்டு கண்ணாலும் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

காற்றும் அலையும் போஃபர்ட் அளவில், அதாவது காற்றின் பலத்தை எண்ணால் சொல்லும் அளவுகோலில். வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றும் தோன்றத் தொடங்குவது 3. நுரை அடிக்கடி தெரிந்தால் 4. ஓங்கில் எண்ண 3 வரை போகலாம். முதுகுத்துடுப்பே இல்லாத கடற்பன்றிக்கும் ஆவுளியாவுக்கும் 2-க்கு மேல் போனால் எண்ணுவதாகப் பாவனை செய்கிறோம், அவ்வளவுதான். 4 வந்ததும் தேடுதலை நிறுத்தி, நிறுத்திய நேரத்தை எழுதிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். “கொஞ்சம்தான் அலை, முடித்துவிடலாமே” என்று ஓட்டும் கடைசி ஒரு மணி நேரம் அந்த நாளின் சராசரியையே கெடுக்கும். நீரில் கண்கூசும் சூரிய ஒளித் தகடு எந்தப் பக்கம், எத்தனை பாகை அகலம் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிழக்கு நோக்கிப் போனால் அணியத்துக்கு (படகின் முன்பக்கம்) நேரே பாதிக் கடல் குருடு.

படகின் வேகம் 8 முதல் 10 நாட். இதற்கும் காரணம் உண்டு. விலங்கு நகரும் வேகம் படகின் வேகத்தில் பாதிக்கும் கீழே இருந்தால்தான் அது ஒரே இடத்தில் நின்றது போலக் கணக்குப் போடலாம். மெதுவாகப் போனால் கூடுதலாகத் தெரியும் என்று 4 நாட்டில் ஊர்ந்தால் ஓங்கில்கள் தாமாகவே படகைத் தேடி வரும். அணியத்தில் அலையேறி விளையாட வந்த கூட்டத்தைக் கண்டதும் தூரம் “பூஜ்யம்” என்று எழுதினால் அடர்த்தி எகிறிவிடும். அவை படகை உணரும் முன்பே, தொலைவில் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஆகவே கண் எப்போதும் தொடுவானத்துக்கும் அரை கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட நீரில் இருக்கட்டும். கிட்டே இருப்பது எப்படியும் கண்ணில் படும்.

தூரம்தான் எல்லாம்

கண்ணளவில் தூரம் சொல்வது கடலில் வேலைக்கு ஆகாது. ஒப்பிட மரமோ வீடோ இல்லாத இடம் அது. 7×50 கடல் பைனாகுலரில் கண்ணாடிக்குள்ளேயே கோடுகள் பொறித்திருக்கும். தொடுவானத்தின் மேல் முதல் கோட்டை வைத்து, விலங்கு எத்தனை கோடு கீழே இருக்கிறது என்று படிக்க வேண்டும். 5 மில் (ஒரு கோண அலகு) இடைவெளி உள்ள கண்ணாடியில் ஒரு கோடு 0.286 பாகை.

நீர்மட்டத்திலிருந்து கண் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், 2 கோடு கீழே தெரிகிற விலங்கு சுமார் 360 மீட்டரில். 1 கோடு என்றால் சுமார் 660 மீட்டர். அரைக்கோடு என்றால் சுமார் 1,130 மீட்டர். கவனியுங்கள்: தொலைவு கூடக் கூட அரைக்கோடு தவறினாலே தூரம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. அதனால்தான் உயரம் முக்கியம். கண் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் கப்பல் தளத்தில் அதே 1 கோடு சுமார் 1,500 மீட்டர். தொலைவான விலங்குக்கும் கோட்டில் இடம் கிடைக்கிறது. ஃபைபர் படகில் நின்றுகொண்டு, கண் 2 மீட்டரில் இருக்க, ஒரு மீட்டர் அலையில் ஏறி இறங்கினால் கண்ணுயரமே பாதிக்குப் பாதி மாறுகிறது. அந்தப் படகில் கோடு படித்துக் கிடைக்கும் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம். படகின் கூரைமேல் ஒரு மேடை கட்டினாலே பாதிச் சிக்கல் தீரும். ஒவ்வொருவரின் கண்ணுயரத்தையும் நின்றபடியே நாடாவால் அளந்து, பெயருக்கு எதிரே எழுதி வைக்க வேண்டும். டீசல் நிறைத்த காலையிலும் காலியான மாலையிலும் படகு மிதக்கும் மட்டம் வேறு.

பாக் நீரிணைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. 4 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விலங்குக்குப் பின்னால் மூன்று கிலோமீட்டரில் கரை இருந்தால், கண்ணாடியில் தெரியும் விளிம்பு கரையின் நீர்க்கோடு. தொடுவானம் அதற்கும் சற்று மேலே மறைந்திருக்கிறது. கரைக்கோட்டிலிருந்து கோடு எண்ணிவிட்டுத் தொடுவானச் சூத்திரத்தில் போட்டால் விலங்கு இருப்பதை விடத் தொலைவில் விழும். பதிவுத்தாளில் “விளிம்பு: வானம் / கரை” என்று ஒரு கட்டம் இருந்தால் போதும், கரையின் தூரத்தை வரைபடத்திலிருந்து எடுத்துப் பிறகு திருத்தலாம்.

கோணத்துக்கு அணியத்தில் பொருத்திய கோணப்பலகை. பலகையின் பூஜ்யம் படகின் நடுக்கோட்டோடு பொருந்துகிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். பாதையிலிருந்து செங்குத்துத் தூரம் = தூரம் × சைன் கோணம். 660 மீட்டரில் 30 பாகை என்றால் 330 மீட்டர். 660 மீட்டரில் 5 பாகை என்றால் 58 மீட்டர். அந்த 5 பாகையைச் சோம்பலில் “நேரே” என்று 0 எழுதிவிட்டால் 58 மீட்டர் காணாமல் போகிறது. இப்படிச் சேர்ந்த பூஜ்யங்கள், எந்தத் தூரத்தில் எத்தனை கண்ணில் படுகிறது என்று காட்டும் கண்டறிதல் வளைவின் தொடக்கத்தில் ஒரு செயற்கைக் குன்றை எழுப்பும். நாம் பார்த்து முடித்ததாகக் கணக்கிடும் பட்டை குறுகும், எண்ணிக்கை கூடும். தரவு வந்ததும் முதலில் கோணங்களின் படத்தைப் போட்டுப் பாருங்கள். 0, 45, 90-ல் மட்டும் தூண்கள் எழுந்து நின்றால் அந்தக் குழு பலகையைப் பார்க்கவில்லை.

கணக்கு இப்படிப் போகும். 400 கிலோமீட்டர் தேடல், 24 கூட்டங்கள், கூட்டத்துக்குச் சராசரி 15, ஒரு பக்கத்துப் பயனுள்ள பட்டை அகலம் 0.6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24 × 15 ÷ (2 × 0.6 × 400) = சதுர கிலோமீட்டருக்கு 0.75. இது பாதைக்கு நேரே இருந்த எதுவும் தப்பவில்லை என்ற நினைப்பில் வந்தது. உண்மையில் பத்தில் ஏழுதான் கண்ணில் பட்டது என்றால் 1.07. அந்த 0.7 எங்கிருந்து வரும்? நீருக்குள் இருந்ததால் தெரியாதவை ஒரு பங்கு. மேலே வந்தும் நாம் தவறவிட்டவை ஒரு பங்கு. முதலாவதற்கு மூழ்கும் நேரம் தெரிய வேண்டும்: ஸ்பெர்ம் திமிங்கிலம் 40 நிமிடத்துக்கும் மேல் உள்ளே இருக்கும், ஸ்பின்னர் கூட்டத்தில் எப்போதும் யாராவது மேலே இருப்பார்கள். இரண்டாவதற்கு ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாத இரண்டு தனித்தனி மேடைகள் வேண்டும். சிறிய படகில் அதற்கு வழியில்லை. அப்போது கிடைத்த விடையைக் கீழ்வரம்பு என்றே எழுதிவிடுவது நேர்மை. பட்டை அகலத்தை ஓரளவு நம்பிக் கணிக்க 60 முதல் 80 கண்டறிதல்கள் வேண்டும் என்பது இந்தத் துறையில் வழக்கமான விதி. எங்கள் பக்கத்துக் கடலில் ஒரு பருவத்தில் அது சேருவது அரிது. ஒத்த உருவமுள்ள இனங்களைச் சேர்த்து வளைவு போடலாம். ஆவுளியாவையும் திமிங்கிலத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதை மட்டும் எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது.

கூட்டத்தின் அளவுக்கு மூன்று எண்: குறைந்தது, அதிகபட்சம், சிறந்த மதிப்பீடு. ஒவ்வொருவரும் பேசாமல் தன் தாளில் எழுத வேண்டும். “எத்தனை சார் இருக்கும்?” என்று மூத்தவரைக் கேட்டு எழுதினால் அது ஒரே ஆளின் மதிப்பீடு மூன்று கையெழுத்தில். பெரிய கூட்டத்தை எல்லாருமே குறைத்துத்தான் எண்ணுகிறோம். பத்தை ஒரு கட்டமாகக் கண்ணில் பிடித்து, அந்தக் கட்டம் எத்தனை தடவை பொருந்துகிறது என்று பார்ப்பது கைவந்தால் குறைகிற அளவு குறையும்.

பறவைக்கு வேறு ஆள்

அதே படகில் கடற்பறவையும் எண்ணலாம். ஆனால் அதே ஆளை வைத்து வேண்டாம். பாலூட்டிக்காரர் தொலைவைப் பைனாகுலரில் மேய்கிறார். பறவைக்காரர் 300 மீட்டருக்குள் வெறுங்கண்ணால் பார்க்கிறார். இரண்டையும் ஒருவரிடம் கொடுத்தால் இரண்டும் அரைகுறை.

பறவைக்கு வழக்கமான பட்டை 300 மீட்டர், ஒரு பக்கம் மட்டும், அணியம் முதல் பக்கவாட்டு வரையிலான 90 பாகை. கண்கூச்சம் இல்லாத பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தூரத்துக்கு ஒரு மர அடிக்கோல் போதும். கையை நீட்டினால் கண்ணிலிருந்து கோல் 60 சென்டிமீட்டரில் இருக்கட்டும். ஆளுக்கு ஆள் வேறு, ஆகவே நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் மாறாது. கண்ணுயரம் 4 மீட்டர் என்றால் கோலின் மேல் விளிம்பைத் தொடுவானத்தில் வைத்து, 7.3 மில்லிமீட்டர் கீழே ஒரு கோடு: அது 300 மீட்டர். 11.3-ல் 200 மீட்டர். 23-ல் 100 மீட்டர். 47-ல் 50 மீட்டர். கண்ணுயரம் 2 மீட்டருக்கு இறங்கினால் 300 மீட்டர்க் கோடு 3.5 மில்லிமீட்டருக்கு ஏறிவிடும். ஆடும் படகில் அதைப் பிடிக்க முடியாது. வள்ளத்தில் போகிறவர்கள் பட்டையை 100 மீட்டராகச் சுருக்கிக்கொள்வது உத்தமம், அப்போது கோடு 11.5 மில்லிமீட்டரில்.

நீரில் உட்கார்ந்த பறவையைத் தொடர்ந்து எண்ணலாம். பறக்கிற பறவையை அப்படி எண்ணினால் பெரிய தவறு நேரும். ஆலா படகைவிட வேகமாகப் பறக்கிறது. ஒரு மணி நேரத்தில் பட்டையைக் கடந்துபோன எல்லாவற்றையும் கூட்டினால், அந்த இடத்தில் எந்த ஒரு கணத்திலும் இருந்ததை விடப் பல மடங்கு சேரும். ஆகவே குறித்த இடைவெளியில் ஒரு கணப்பார்வை: அந்த நொடியில் பட்டைக்குள், 300 மீட்டர் முன்னால் வரை பறந்துகொண்டிருப்பவை மட்டும். 10 நாட்டில் படகு நிமிடத்துக்குச் சுமார் 309 மீட்டர் போகிறது, எனவே நிமிடத்துக்கு ஒரு பார்வை சரி. 6 நாட்டில் 185 மீட்டர்தான். 97 விநாடிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வேகம் குறைந்த பிறகும் நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பெரும்பாலான பதிவுகளைக் கெடுக்கிறது. ஒரே நீர்ப்பரப்பு இரண்டு முறை எண்ணப்படுகிறது. கைக்கடிகாரத்தில் அலாரம் வையுங்கள்.

படகைத் தொடர்ந்து வரும் பறவையை ஒரு முறை எழுதி, “தொடர்வது” என்று குறித்துக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். சமையல் கழிவைக் கடலில் கொட்டுவது கணக்கெடுப்பு நேரத்தில் கூடாது என்று சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மதியம் பன்னிரண்டரைக்கு எண்ணிக்கை ஏறும்.

இனம் பிரிப்பதில் நம் கடலில் அதிகம் குழப்புவது பிரைடில்டு ஆலாவும் சூட்டி ஆலாவும். இரண்டுக்கும் மேலே கருமை, கீழே வெண்மை. நெற்றி வெண்மை கண்ணைத் தாண்டிப் பின்னால் புருவம் போல நீண்டால் பிரைடில்டு. கண்ணோடு நின்றால் சூட்டி. முதுகு சாம்பல் கலந்த பழுப்பாகவும் கழுத்தில் வெளிர்ப் பட்டையோடும் இருப்பது முன்னது, தலையும் முதுகும் ஒரே கருமையாக இருப்பது பின்னது. மிதக்கும் கட்டை மேலோ தெர்மாக்கோல் மேலோ உட்கார்ந்திருந்தால் பிரைடில்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் கட்டையைப் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். நிச்சயமில்லாவிட்டால் “கருமுதுகு ஆலா” என்று நிறுத்திக்கொள்வதற்குத் தைரியம் வேண்டும். நூறு சதவீதம் இனம் பிரித்த பதிவுத்தாளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சூரை மீன் சிறு மீன்களை மேலே விரட்டும் இடத்தில் ஸ்பின்னரும் ஆலாவும் ஒன்றாகக் கூடும். அங்கே இரண்டு பதிவாளர்களும் ஒரே நிகழ்வு எண்ணைப் போட்டுக்கொண்டால்தான் பிற்பாடு எதோடு எது இருந்தது என்று சேர்த்துப் பார்க்க முடியும். எது எதைத் தேடி வந்தது என்று அப்போதே ஊகித்து எழுத வேண்டாம்.

மணல் திட்டில்

கடலில் எண்ணுவதை விட முட்டையிடும் திட்டில் எண்ணுவது சுலபம் என்று தோன்றும். ராமர் பாலத்து மணல் திட்டுகளில், குறிப்பாக இலங்கைப் பக்கத்தில், பல வகை ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடுகின்றன. 2015-ல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே தவறு செய்தால் விலை கொடுப்பது நாம் அல்ல. தாய்ப்பறவை எழுந்ததும் முட்டை வெயிலில் வேகத் தொடங்கும், காகமும் செம்பருந்தும் உடனே இறங்கும். விடியற்காலை அல்லது அந்திக்கு முன், ஒரு பகுதியில் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லாமல், மூன்று பேருக்கு மேல் இல்லாமல். மணலில் முட்டை கூழாங்கல் நிறத்தில்தான் இருக்கும். கால் வைக்கும் இடத்தைப் பார்க்க ஒருவர், எண்ண ஒருவர். ஒரு முறை நடந்து எண்ணுவது எப்போதும் குறைவாகவே வரும். முதல் நடையில் 120 கூடுகளின் ஓரத்தில் ஐஸ்கிரீம் குச்சி நட்டு, சற்று நேரம் கழித்து வேறு ஆள் நடந்து 100 கூடு காண, அதில் 80-ல் குச்சி இருந்தால், மொத்தம் 120 × 100 ÷ 80 = 150. குச்சிகளைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

கரை ஒதுங்கியவை

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு, கல்லாமொழி கரைகளில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் இழுத்து விட்டும் பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. பைலட் திமிங்கிலம் கூட்டத்தோடு வாழ்வது. கரையில் ஒன்று உயிரோடு குரல் கொடுத்தால் விடப்பட்டது அதைத் தேடி வரும். ஆகவே ஒவ்வொன்றாக விடாமல், முடிந்தவரை ஒன்றாக விட வேண்டும். அதுவரை தோலில் ஈரத்துணி, மூச்சுத்துளையில் மணலும் நீரும் புகாமல் காவல், பக்கத்துடுப்புக்குக் கீழே மணலைத் தோண்டி இடம். வாலில் கயிறு கட்டி இழுப்பதுதான் எல்லா இடத்திலும் முதலில் நடப்பது, அதுதான் செய்யக் கூடாதது. மூட்டு விலகும், தலை நீருக்குள் இழுபட்டு மூச்சு முட்டும். விரிப்பில் உருட்டி ஏற்றித் தூக்க வேண்டும்.

இறந்ததாக இருந்தால் முதலில் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். ஆவுளியாவும் திமிங்கிலங்களும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதியில்லாமல் பல், எலும்பு, தோல் துண்டு எதையும் எடுக்கக் கூடாது, ஆய்வுக்கு என்றாலும். படம் எடுக்கலாம். முழு உடல் பக்கவாட்டில், தலை, வாய்க்குள் பல், முதுகுத்துடுப்பு, வால், பிறப்புறுப்புப் பிளவு, காயங்கள். ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும். நீளம் மேல்தாடை நுனியிலிருந்து வால் நடுப்பிளவு வரை, நேர்கோட்டில். வயிற்றின் வளைவு மேல் நாடாவைப் படியவிட்டு அளந்தால் ஊதிய உடலில் கணிசமாகக் கூடும். பழைய பதிவுகளில் வியக்கவைக்கும் நீளங்கள் சில இப்படி வந்தவையாக இருக்கலாம். உடலின் நிலை ஐந்து படி: 1 உயிரோடு, 2 புதிதாக இறந்தது, 3 அழுகத் தொடங்கியது, 4 மிகவும் அழுகியது, 5 எலும்பும் காய்ந்த தோலும். இறப்புக் காரணம் பேச 2-ம் படி வேண்டும். 4-ல் தோலில் தெரியும் கீறல் வலையா, பாறையா, நாயா என்று சொல்ல முயல வேண்டாம். மரபணுவுக்குத் தோல், உணவறிய இரைப்பையில் கணவாயின் அலகும் மீனின் செவிக்கல்லும், வயதறியப் பல் ஆகியவை 4-லும் பயன்படும்.

எங்கே ஒதுங்கியது என்பதை எங்கே இறந்தது என்று படிக்காதீர்கள். காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டம்) கொண்டுவந்து போட்ட இடம் அது. கச்சான் காலத்தில் ஒரு கரையில் உடல்கள் கூடுவது காற்றின் திசையால் மட்டுமே கூட இருக்கலாம்.

தென்மேற்குப் பருவத்தில் கரைக்குத் தள்ளப்படும் கடற்பறவைகளில் உயிரோடு இருப்பவற்றை மக்கள் பரிவோடு ஆகாயத்தில் வீசிப் பறக்கவிட முயல்வார்கள். வேண்டாம். காற்றோட்டமுள்ள இருட்டு அட்டைப்பெட்டியில் வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், வனத்துறையிடமோ பறவை மருத்துவம் தெரிந்தவரிடமோ சேர்க்க வேண்டும். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். காலில் வளையம் இருந்தால் எண்ணைப் படம் எடுங்கள், கழற்றாதீர்கள்.

தாளும் கடிகாரமும்

பெரும்பாலான தரவு கடலில் கெடுவதில்லை, மேசையில் கெடுகிறது. ஜி.பி.எஸ். 9 பாகை 15.5 நிமிடம் என்று காட்டியதை 9.155 என்று தட்டச்சு செய்தால் சரியான 9.2583-லிருந்து பதினொன்றரைக் கிலோமீட்டர் தெற்கே போய்விடும்; சமயத்தில் அது தரையில் விழும், அப்போதாவது கண்ணில் படும். கடலிலேயே விழுந்தால் யாருக்கும் தெரியாது. பதிவுத்தாளின் தலையிலேயே எந்த வடிவம் என்று அச்சிட்டு, ஒன்றை மட்டுமே பயன்படுத்துங்கள்.

கேமரா கடிகாரமும் ஜி.பி.எஸ். கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. ஒன்று இந்திய நேரத்திலும் மற்றது உலக நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். காலையில் எடுத்த துடுப்புப் படம் நேற்றைய இரவில் போய் நிற்கும். காலையில் முதல் படமாக ஜி.பி.எஸ். திரையையே விநாடி தெரிய எடுத்துவிட்டால் எத்தனை விநாடி விலகல் என்று பிறகு திருத்திக்கொள்ளலாம். துடுப்புப் படம் எடுக்கும்போது ஷட்டர் 1/1000-க்குக் குறையாமல், துடுப்புக்குச் செங்குத்தாக நின்று, வெட்டுள்ளது வெட்டில்லாதது எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். வெட்டுள்ளதை மட்டும் தேடி எடுத்தால் கூட்டத்தில் அடையாளம் காணத்தக்கவை எத்தனை பங்கு என்று தெரியாமல் போய், மொத்தத்தைக் கணிக்க வழியிருக்காது. நீலத் திமிங்கிலத்துக்கு இடப்பக்கத் திட்டுப் புள்ளிகளும் வலப்பக்கத்தவையும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் கிடைத்த படங்களைத் தனிப் பட்டியலாக வைக்காவிட்டால் ஒரே திமிங்கிலம் இரண்டாக எண்ணப்படும்.

தேடல் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், நிறுத்தியதன் காரணம் ஆகிய மூன்று கட்டங்களும் அன்று மாலையே நிரம்பியிருக்க வேண்டும். மழையா, அலையா, சாப்பாடா, கூட்டத்தின் பின்னால் திரும்பினோமா? மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியா காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஆவுளியா கூடுகிறதா குறைகிறதா என்று இன்னும் பத்து வருடம் கழித்து ஒருவர் கேட்பார். அன்றைக்கு அவர் முதலில் தேடிப் பார்க்கப் போவது ஆவுளியா எண்ணிக்கை எழுதிய கட்டத்தை அல்ல, இந்த மூன்றைத்தான்.